முதலில் ஃபோகஸ், அடுத்து பர்ஸ்ட்: மதுரையில் படம் எடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சித்திரைத் திருவிழா நெருங்கும்போதும், முகூர்த்தங்கள் அடுக்கடுக்காக வரும் மாதங்களிலும், கேமரா வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். சிங்கிள் ஷாட்டில் வைப்பதா, கன்டினியூவஸில் வைப்பதா என்பது ஒன்று. ஆட்டோஃபோகஸில் ஏஎஃப்-எஸ் போதுமா, ஏஎஃப்-சி வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்வி டிரைவ் மோட் பற்றியது, அதாவது பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு படமா, வரிசையாகப் பல படங்களா (பர்ஸ்ட்) என்பது. இரண்டாவது, பட்டனைப் பாதி அழுத்தியதும் கேமரா ஃபோகஸை ஒரே இடத்தில் பூட்டிவிடுகிறதா, பொருளைப் பின்தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கிறதா என்பது. பலரும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஃபோகஸ் தவறியிருக்கும்போது நொடிக்கு 10 படம் எடுத்தால், தவறிய படங்கள் 10 கிடைக்கும். எனவே இந்தக் கட்டுரை ஃபோகஸ் முறையை முதலிலும், சட்டகத்தில் கேமரா எங்கே ஃபோகஸ் தேட வேண்டும் என்ற ஃபோகஸ் பரப்பை அடுத்தும், டிரைவ் மோடையும் ஷட்டர் வகையையும் அவற்றுக்குப் பின்னும் எடுத்துக்கொள்கிறது.

பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் கேமராக்களில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி என்று இருப்பவை கேனானில் ஒன் ஷாட், ஏஐ சர்வோ எனப்படும். அதன் புதிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் வெறும் சர்வோ என்று மட்டும் இருக்கும். கேமராவே முடிவு செய்துகொள்ளும் மூன்றாவது முறை நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-ஏ; கேனானின் டிஎஸ்எல்ஆர்களில் (கண்ணாடி வைத்த கேமராக்களில்) ஏஐ ஃபோகஸ்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் தூரம். பொருள் நகர்கிறதா என்பதைவிட, அது உங்களை நோக்கி வருகிறதா, உங்களை விட்டு விலகுகிறதா என்பதே ஃபோகஸைப் பாதிக்கும். வைகைக் கரையில் நின்று எதிர்க்கரையோரமாகச் செல்லும் ஊர்வலத்தை எடுப்பவருக்குத் தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. மண்டபத்தின் நடைபாதையில் மணப்பெண் வரும்போது எதிரே நிற்பவருக்கு ஒவ்வோர் அடிக்கும் மாறுகிறது.

இரண்டாவது, எடுக்க வேண்டிய கணம் எப்போது வரும், எங்கே நிகழும் என்று முன்கூட்டியே தெரியுமா என்பது. தாலி கட்டும் இடமும் நேரமும் தெரிந்தவை. வாடிவாசலில் இடம் தெரியும், நேரம் தெரியாது. கண்மாய்ப் பறவையிடம் இரண்டுமே தெரியாது. எந்த டிரைவ் மோட் என்பதை என் கணக்கில் பெரிதும் முடிவு செய்வது இந்த ஒரு வேறுபாடுதான்.

மூன்றாவது, உங்களுக்கும் பொருளுக்கும் நடுவே என்னென்ன குறுக்கிடும் என்பது: கைகள், செல்போன்கள், அட்சதை, பீய்ச்சப்படும் தண்ணீர். நான்காவது, வெளிச்சத்தின் அளவும் வகையும். ஐந்தாவதைக் கேமரா வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. அது படம் எடுத்து முடித்த பிறகு வரும் செலவு: மெமரி கார்டு, பேட்டரி, ஷட்டரின் தேய்மானம், கணினி முன் உட்கார்ந்து கழித்துக் கட்டும் நேரம்.

## ஏஎஃப்-எஸ்: பூட்டிக்கொள்ளும் ஃபோகஸ்

அசையாத பொருளுக்கு இதைவிடத் துல்லியமான முறை கிடையாது. கீழக்குயில்குடி சமணர் மலையின் புடைப்புச் சிற்பங்கள், திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசை, மண்டபத்து மேடையில் வரிசையாக நிறுத்திய குடும்பப் படம் ஆகியவற்றுக்கு ஏஎஃப்-எஸ் போதும். ஃபோகஸ் பிடித்ததும் பாதி அழுத்திய விரலை எடுக்காமல் கேமராவைச் சற்றே திருப்பிச் சட்டகத்தைச் சரிசெய்யலாம். இன்னொரு வசதியைப் பலரும் கவனிப்பதில்லை: இருட்டில் கேமராவிலிருந்தோ ஃபிளாஷிலிருந்தோ எரியும் ஃபோகஸ் உதவி விளக்கு, பெரும்பாலான கேமராக்களில் இந்த முறையில்தான் வேலை செய்யும். தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையில், விளக்கு வெளிச்சம் எட்டாத மூலையில் நிற்கும் ஒருவரைச் சில அடி தூரத்திலிருந்து எடுப்பதற்கு அந்த விளக்கு பெரிய துணை.

இதன் குறை கணக்கிட்டால் தெளிவாகத் தெரியும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 துளையில் வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் உள்ள முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. சாதாரணமாக நடப்பவர் ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார். ஃபோகஸ் பூட்டியதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே கால் நொடி தாமதித்தாலும், அந்த 6 செ.மீ. எங்கோ பின்தங்கிவிடும். மேலும், ஏஎஃப்-எஸ் முறையில் பெரும்பாலான கேமராக்கள் ஃபோகஸ் கிடைத்தால் மட்டுமே படம் எடுக்கும். மங்கிய வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்க, பட்டன் அழுந்தியும் படம் விழாமல் போவது இதனால்தான்.

## ஏஎஃப்-சி: தொடரும் ஃபோகஸ்

நகரும் பொருளின் தூரத்தை இது அளந்துகொண்டே இருக்கும். ஷட்டர் திறக்கும் கணத்தில் பொருள் எங்கே இருக்கும் என்பதையும் கணித்து லென்ஸை நகர்த்தும். மதுரையில் ஒருவர் எடுக்கக்கூடிய படங்களில் பெரும்பகுதி மனிதர்களும் மாடுகளும் பறவைகளும்தான் என்பதால், நாள் முழுவதும் ஒரே அமைப்பில் வைத்திருக்க விரும்புபவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் இதற்கும் மறைவான செலவுகள் உண்டு. உதவி விளக்கு பெரும்பாலும் எரியாது. மோட்டார் ஓயாமல் இயங்குவதால் பேட்டரி விரைவாக இறங்கும். ஃபோகஸ் புள்ளி பொருளின்மேலேயே இருக்க வேண்டும். கேமராவைத் திருப்பினால் ஃபோகஸும் பின்னணிக்குப் போய்விடும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த முறையில் பல கேமராக்கள், ஃபோகஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பட்டனை அழுத்தினால் படம் எடுத்துவிடும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் தொழிற்சாலை அமைப்பே இதுதான். சர்வோவில் போட்டும் படங்கள் மங்கலாக வருகின்றன என்று குறைப்படுபவர்கள் லென்ஸைச் சந்தேகிப்பதற்கு முன், மெனுவில் ரிலீஸ் பிரையாரிட்டி என்பதை ஃபோகஸ் பிரையாரிட்டி என்று மாற்றிப் பார்க்க வேண்டும். சோனியில் இரண்டுக்கும் நடுவே சமநிலை அமைப்பு ஒன்றும் உண்டு. கல்யாணத்துக்கு அது பொருத்தமானது.

மூன்றாவதான ஏஎஃப்-ஏ முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொருள் அசைகிறதா என்பதைக் கேமராவே ஊகிக்கிறது. அந்த ஊகம் தாமதமாகவும் வரலாம், தவறாகவும் வரலாம். புதிதாகக் கற்பவர் வீட்டில் குழந்தைகளை எடுக்கப் பயன்படுத்தலாம். பணம் வாங்கிக்கொண்டு எடுக்கும் நிகழ்ச்சிக்கு வேண்டாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கேமராவை ஏஎஃப்-சியில் வைத்து, ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து நீக்கிப் பின்புறம் கட்டைவிரல் படும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாற்றிவிடலாம். அந்தப் பட்டன் இல்லாத கேனான் 1500டி போன்றவற்றில் நட்சத்திரக் குறியிட்ட பட்டனுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் தொடரும், எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். பழக்கத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதும், குடும்பப் படம் எடுக்கச் சொல்லிக் கேமராவைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தால் அவர் ஷட்டரை மட்டும் அழுத்தி எல்லோரையும் மங்கலாக்கித் தருவார் என்பதும் இதன் விலை.

## ஃபோகஸ் பரப்பு: ஒரு புள்ளியா, கூட்டமா, கண்ணா

ஒற்றைப் புள்ளி உங்களுக்குக் கீழ்ப்படியும். ஆனால் பொருளின்மேல் அதை வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது. புள்ளிகளின் கூட்டம் அல்லது ஸோன் சற்றே மன்னிக்கும். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் எது அருகில் இருக்கிறதோ அதையே பெரும்பாலும் பிடிக்கும். முழுச் சட்டகத்தையும் கேமராவிடமே விட்டுக் கண்ணைக் கண்டறியச் சொல்வது இன்றைய மிரர்லெஸ் கேமராக்களின் பெரிய பலம். மேடையில் இரண்டு மூன்று பேர் இருக்கும்போது அது அற்புதமாக வேலை செய்கிறது. அழகரைச் சுற்றி ஆயிரக்கணக்கான முகங்கள் நிற்கும்போது, கேமரா எந்த முகத்தைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தங்கக் குதிரையின்மேல் இருக்கும் உற்சவரின் முகத்தை அது முகமாகவே எண்ணாமலும் போகலாம். அங்கே ஒற்றைப் புள்ளியே மேல்.

1500டி போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அதில் உள்ள 9 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடுகளையும் செங்குத்துக் கோடுகளையும் ஒருங்கே உணரக்கூடியது. இருட்டிலும் வேகத்திலும் நடுப்புள்ளியையே நம்பிவிட்டு, பின்னர் படத்தை வெட்டிச் சரிசெய்துகொள்வது நல்லது.

## டிரைவ் மோட்: ஒன்று, மெதுவாகப் பல, வேகமாகப் பல

சிங்கிள் ஷாட்டைப் பழைய முறை என்று ஒதுக்குவது தவறு. நொடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.2 நொடி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நிகழ்வது எதுவும் பதிவாவதில்லை. சிலம்பக் கழி எதிரியின் கழியில் மோதும் கணம் அந்த இடைவெளிக்குள் எளிதாக நழுவிவிடும். ஆட்டத்தின் தாளத்தைக் கவனித்து ஒரே முறை அழுத்துபவர், கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பிடிப்பவரைவிட அந்தக் கணத்தைப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஃபிளாஷ் பயன்படுத்துபவருக்கு வேறு வழியும் இல்லை. முழுச் சக்தியில் ஒருமுறை எரிந்த ஃபிளாஷ் மறுபடி தயாராகச் சில நொடிகள் ஆகும் என்பதால், பர்ஸ்டில் முதல் படம் வெளிச்சமாகவும் அடுத்தடுத்தவை இருண்டும் வரும்.

கன்டினியூவஸ் லோ, பல கேமராக்களில் நொடிக்கு ஏறக்குறைய 3 படம். இதைத்தான் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுகிறார்கள். மூன்று முடிச்சு விழுவதற்குள் மணமகளின் கண் மூடித் திறக்கும், யாராவது ஒருவரின் கை குறுக்கே வரும், அட்சதை பறக்கும். நொடிக்கு 3 படம் இருந்தால் ஒன்றாவது தேறும், பின்னர் கழிக்க வேண்டியதும் மலையாகக் குவியாது. சுருக்கமாக ஒரு முறை தட்டினால் ஒரே படம் எடுத்து நிற்கும் என்பதால், சிங்கிளின் வேலையையும் இதுவே செய்துவிடுகிறது.

கன்டினியூவஸ் ஹை விளம்பரங்களில் வரும் எண். இதன் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிந்த மூலத் தரவு) ஒன்று ஏறக்குறைய 28 எம்பி. நொடிக்கு 10 படம் வீதம் மூன்று நொடி அழுத்தினால் 30 படம், 840 எம்பி. நடைமுறையில் நொடிக்கு 60 எம்பி எழுதும் கார்டு அதை விழுங்க 14 நொடி எடுக்கும். கார்டில் எழுதும்வரை படங்களைத் தாங்கும் கேமராவின் பஃபர் சிறியதாக இருந்தால் அதற்கு முன்பே வேகம் குறைந்து, விட்டு விட்டு எடுக்கத் தொடங்கும்; காளையின் திமிலில் ஒருவர் தொற்றிக்கொண்டு சுற்றும் காட்சி அந்தப் 14 நொடிக்குள் முடிந்திருக்கும். கார்டின் உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை அறிய வி30 போன்ற குறியைப் பார்க்க வேண்டும், அது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி என்பதைக் குறிக்கும்.

ஷட்டர் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2016-இல் வந்த கேனான் 5டி மார்க் 4-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. அதன் வேகம் நொடிக்கு 7 படம். இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இருக்க முடியுமானால் ஆறு மணி நேரத்துக்குள் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். அந்த எண்ணிக்கையைத் தாண்டியும் ஷட்டர்கள் உழைக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் பழைய கேமராவை விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் கேட்பது ஷட்டர் கவுண்ட்டைத்தான்.

இன்னொன்று: சில கேமராக்களில் உச்ச வேகத்தில் எடுக்கும்போது திரையில் தெரிவது நேரடிக் காட்சி அன்று, சற்று முன் எடுத்த படம். சோனி ஏ6400-இல் ஹை பிளஸில் நொடிக்கு 11 படம் கிடைக்கும். ஆனால் ஒருபடி குறைத்து நொடிக்கு 8 என்று வைத்தால்தான் நேரடிக் காட்சி தெரியும். பறக்கும் பறவையைத் தொடர்பவருக்கு அந்த 8 படமே அதிகப் பயன் தரும்.

## மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா

மிரர்லெஸ் கேமராக்களில் வரும் சத்தமற்ற எலக்ட்ரானிக் ஷட்டர், சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பது. ஷட்டர் தேய்வதில்லை, வேகம் கூடும், கண்மாய்க் கரைப் பறவை வெருளாது. ஆனால் மண்டபத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். சென்சாரை முழுவதும் படிக்க ஒரு கேமரா 1/30 நொடி எடுத்தால், அதற்குள் விளக்கு மூன்று முறைக்கு மேல் ஏறி இறங்கிவிடும். முகூர்த்தப் பட்டுப் புடவையின் குறுக்கே மூன்று கரும்பட்டைகள் விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் இவை பெரும்பாலும் மறையும். வரவேற்பு மேடையின் பின்னால் நிற்கும் எல்இடி திரை வேறு வேகத்தில் துடிப்பதால், அதற்கு இந்தத் தீர்வும் போதாது. பெரும்பாலான கேமராக்களில் இந்த ஷட்டரோடு ஃபிளாஷும் எரியாது. தவிர, கெட்டி மேளம் முழங்கும்போது கேமராவின் சத்தத்தைக் கேட்பவர் யார்?

வேகமாகச் சுழலும் சிலம்பக் கழி இதில் வில்லாக வளைந்து பதிவாகும். 2021-இல் வந்த நிக்கான் இஸட் 9 மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வந்தது என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதன் சென்சார் மிக விரைவாகப் படிக்கப்படுவதால் அங்கே அது இயன்றது. அந்த முடிவை விலை குறைந்த கேமராவுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

## எந்த இடத்தில் எது

| சூழல் | ஃபோகஸ் முறை | பரப்பு | டிரைவ் | ஷட்டர் |
|---|---|---|---|---|
| தாலி கட்டுதல் | ஏஎஃப்-சி | கண் அல்லது ஒற்றைப் புள்ளி | லோ. ஃபிளாஷ் இருந்தால் சிங்கிள் | மெக்கானிக்கல் |
| அழகர் ஆற்றில் இறங்குதல் | ஏஎஃப்-சி, பிடிப்பை இறுக்கி | ஒற்றைப் புள்ளி | லோ | மெக்கானிக்கல் |
| வாடிவாசல் | முன்கூட்டிப் பூட்டியது, பிறகு ஏஎஃப்-சி | ஸோன் | ஹை, சிறு சிறு தட்டல்களாக | மெக்கானிக்கல் |
| கண்மாய், மலைப் பறவைகள் | ஏஎஃப்-சி | பறவை கண்டறிதல் அல்லது ஸோன் | ஹை | அமர்ந்திருந்தால் எலக்ட்ரானிக் |
| மகால், சமணர் மலை | ஏஎஃப்-எஸ் | ஒற்றைப் புள்ளி | 2 நொடி டைமர் | எதுவும் |

அட்டவணையில் மூன்று வரிகளுக்கு விளக்கம் வேண்டும். அழகர் வைகையில் இறங்கும்போது பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீர், உங்களுக்கும் குதிரைக்கும் நடுவே திரையாக எழும். ஏஎஃப்-சியில் உள்ள கேமரா அந்தத் துளிகளையே புதிய பொருளாக எண்ணித் தாவிவிடும். இடைமட்டத்துக்கு மேற்பட்ட பல கேமராக்களில், குறுக்கீடு வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது; பிடிப்பை இறுக்கி என்று அட்டவணையில் சொன்னது இதைத்தான். கேனானில் அதை எதிர்மறை எண்ணை நோக்கி நகர்த்த வேண்டும். சோனியில் 1 என்பது பொறுத்திருப்பது, 5 என்பது உடனே தாவுவது. நிக்கானில் இது நேர்த்தலைகீழ், 5 தான் பொறுத்திருப்பது. நண்பரின் கேமராவில் பார்த்த எண்ணை உங்கள் கேமராவில் அப்படியே போட்டால் விளைவு எதிராகும். இந்த அமைப்பு இல்லாத கேமரா உள்ளவர்கள், பின்பட்டனில் ஃபோகஸ் வைத்து, தண்ணீர் எழும்போது கட்டைவிரலை எடுத்துவிட்டால் போதும். விடியற்காலையின் குறைந்த வெளிச்சத்தில் ஹை வேகத்தை நாடுவதைவிட, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) உயர்த்தி ஷட்டர் வேகத்தைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் நிலைமை வேறு. காளை வெளிப்படும் இடம் மாறாது. எனவே வாசலின் தரையில் முன்பே ஃபோகஸ் செய்து, கட்டைவிரலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொம்பு தெரிந்ததும் ஹை வேகத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு தட்டல். காளை வாசலைத் தாண்டியதும் கட்டைவிரலை அழுத்திப் பின்தொடர்தல். இருட்டிலிருந்து திடீரென்று பாயும் காளையைத் தானாகப் பிடிக்கும்படி கேமராவிடம் விட்டால், வாசலின் தூணையோ முன்னே நிற்கும் வீரரின் பனியனையோதான் அது பிடிக்கும். விலங்கு கண்டறியும் வசதி பெரும்பாலும் நாய், பூனை, பறவை ஆகியவற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. காளையை அது அடையாளம் காணும் என்று நம்பி முன்னேற்பாடு இல்லாமல் போகக் கூடாது. ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை, சாமநத்தம் கண்மாயில் அமர்ந்திருக்கும் நாரைக்கும், 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பாறைகளுக்கு மேலே பாயும் வல்லூறுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. வெறும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பறப்பதற்கு அகன்ற பரப்பு போதும். பாறையை ஒட்டிப் பறக்கும்போது பரப்பைச் சுருக்காவிட்டால் ஃபோகஸ் பாறைக்குத் தாவும். பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும்போதே பின்னோக்கிச் சில படங்களைச் சேமித்து வைக்கும் ப்ரீ கேப்சர் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், மீன்கொத்தி கிளையை விட்டுத் தாவும் கணத்துக்கு அதற்கு ஈடு இல்லை.

இந்த அமைப்புகளை ஒவ்வொரு முறையும் மெனுவில் தேடிக்கொண்டிருக்க முடியாது. டயலில் சி1, சி2 அல்லது யூ1, யூ2 இருப்பவர்கள், ஒன்றில் ஏஎஃப்-சி, லோ, மெக்கானிக்கல் என்ற மண்டப அமைப்பையும், மற்றொன்றில் ஸோன், ஹை, 1/1000 என்ற வெளிக்கள அமைப்பையும் சேமித்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாதவர்கள், கேமராவைப் பையில் வைக்கும்போதே டிரைவ் மோடை லோவுக்குத் திருப்பிவிடுவது நல்லது. மகாலில் தூணை எடுக்க வைத்த 2 நொடி டைமர் சில கேமராக்களில் அணைத்துப் போட்ட பிறகும் அப்படியே நிற்கும். மறுநாள் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நேரத்தில் பட்டனை அழுத்தினால், படம் இரண்டு நொடி கழித்துத்தான் விழும்.